மூன்றே நாளில் மறைந்த சிவப்பு

அவையை அணிசெய்யும் தலைவர் அவர்களே! அறிவால் மூத்த ஆன்றோர்களே! கருவோடு கவலையையும் சேர்த்துச் சுமக்கும் தாய்மார்களே! என்னோடு தையல் மிஷின் மிதிக்கும் தோழியரே! உங்கள் அனைவரையும் கைகூப்பி வணங்குகிறேன்.

தைக்கத் தெரிந்தவளுக்கு மேடையில் பேசத் தெரியுமா? தெரியாது. ஆனால் பட்டவளுக்குத்தானே வலி தெரியும்? அதனால் வந்தேன்.

என் மகளைக் கருவுற்று அப்போது எனக்கு இரண்டு மாதம். ஒரு நாள் காலையில் முகமெல்லாம் இளஞ்சிவப்பாய்த் தடிப்பு. மாலைக்குள் மார்புக்கும் முதுகுக்கும் இறங்கியது. லேசான காய்ச்சல். காதுக்குப் பின்னால் நெறி கட்டியிருந்தது. தையல் கூடத்தில் ஆளுக்கொரு வைத்தியம்! வேர்க்குரு என்றாள் ஒருத்தி, உடல்சூடு என்றாள் இன்னொருத்தி. மூன்றே நாளில் தடிப்பு போன இடம் தெரியவில்லை. நானும் மறந்தேன்.

மகள் பிறந்தாள். பத்தாம் மாதம் ஒரு நாள், அவள் முதுகுக்குப் பின்னால் பாத்திர அடுக்கு சரிந்தது. பக்கத்து வீட்டார் ஓடி வந்தார்கள். அவள் திரும்பவே இல்லை.

மருத்துவரிடம் தூக்கிப் போனோம். இவள் வயிற்றில் இருந்தபோது உனக்குத் தடிப்பு வந்ததா என்று கேட்டார். ரூபெல்லா என்ற பெயரை அன்றுதான் அறிந்தேன். நமக்கு வந்தால் சிறு காய்ச்சல். கருவுற்ற தொடக்க மாதங்களில் வந்தால் குழந்தையின் காதை, கண்ணை, இதயத்தைத் தாக்கும் கொடுமை! நான் தலைகுனிந்தேன். என் கணவர் என் கையை விடவே இல்லை. "உனக்கு யாருமே சொல்லலியேம்மா. உன் மேல என்ன தப்பு?" என்றார்.

என்ன அக்கா, கண்ணைத் துடைக்கிறீர்கள்? இதோ முன்வரிசையில் என் உதட்டைப் படித்துக்கொண்டிருக்கிறாளே, அவள்தான் என் மகள். வீட்டில் அவளும் அவள் அப்பாவும் சைகையிலேயே என்னைக் கேலி செய்கிறார்கள். எனக்குப் புரியாதென்று நினைப்பு!

சென்ற ஆண்டு, எங்கள் கூடத்தில் பித்தான் தைக்கும் தங்கை ஒருத்தி என்னிடம் வந்தாள். மூத்த பிள்ளைக்குக் காய்ச்சலும் தடிப்பும் என்றாள். பிறகு காதோடு, "அக்கா, எனக்கு நாள் தள்ளிப் போயிருக்கு" என்றாள். மிஷினை நிறுத்தினேன். அவளுக்கும் தொற்றியிருந்தால், மருத்துவமனையில் மற்றக் கர்ப்பிணிகள் நடுவில் போய் உட்காரக் கூடாதல்லவா? அதனால் முதலில் அங்கே தொலைபேசியில் சொன்னேன். அவர்கள் சொன்ன நேரத்துக்கு அழைத்துப் போனேன். ரத்தம் எடுத்தார்கள். இரண்டு நாள் அவளுக்குச் சோறு இறங்கவில்லை, எனக்கும்தான். முடிவு வந்தது: சிறுவயதில் போட்ட ரூபெல்லா தடுப்பூசி அவளைக் காத்து நின்றது! அவள் சிரித்தாள்; நான் அழுதேன். பொறாமையா? கொஞ்சம் இருந்தது, மறைக்க மாட்டேன். அன்று வயிற்றில் இருந்த அவள் மகன் இன்று கதவு தட்டும் சத்தத்துக்கே கத்துகிறான். கேட்கக் கேட்க எனக்கு இனிக்கிறது!

தாய்மார்களே! கருவுற்றபின் இந்தத் தடுப்பூசி போட மாட்டார்கள். முன்பே போட்டு, கருத்தரிக்க ஒரு மாதமாவது பொறுத்திருங்கள். பிள்ளைகளுக்குத் தவறாமல் போடுங்கள். தடிப்பு வந்த பிள்ளையை ஒரு வாரம் வீட்டில் வையுங்கள். வயிற்றில் பிள்ளை இருக்க, உங்களுக்கோ உங்கள் அருகிலோ தடிப்பு தெரிந்தால் நாளைக்கு என்னாதீர்கள்! வேலை காத்திருக்கும், வீடு காத்திருக்கும், வளரும் கரு காத்திருக்குமா? அன்றைக்கே மருத்துவரைக் கேளுங்கள்! அஞ்சாமல் கேளுங்கள்! அற்பமென்று பிறர் சிரித்தாலும் கேளுங்கள்!

கைவேலையை விட்டுவந்து எனக்குக் காதுகொடுத்த உங்கள் அன்புக்கு நன்றி. வணக்கம்.