மூடிய ஆலையின் ஒன்பது ஏக்கர்

கபடி ஆடுகிறவனுக்கு முழங்காலில் தோல் நிற்காது, ஐயா. எனக்கு நாற்பத்திரண்டு வயதாகிறது, இன்னும் மழை பிடித்தால் முட்டி அரிக்கும். எங்கள் காலத்தில் ஏரிக்கரை ஓரத்துக் கட்டாந்தரைதான் மைதானம். எங்கள் குழுவில் ஆடும் இருபது பெண் பிள்ளைகளுக்கும் நேற்றுவரை அதேதான். வெளியூர்ப் போட்டிக்குப் போனால் விரிப்பில் ஆட வேண்டும். இவர்கள் விரிப்பைக் கண்ணால் பார்ப்பதே அங்கே போன பிறகுதான். அதனால்தான் விளையாட்டரங்கம் கேட்டேன். இதில் என் சுயநலம் எதுவும் இல்லை.

இடம் என்று பார்த்தால் உத்திரமேரூர் சாலையில் மூடிக்கிடந்த சாயப்பொடி ஆலைதான். ஒன்பது ஏக்கர், பன்னிரண்டு வருடமாகச் சும்மா கிடந்தது. ஆனால் அரசாங்கக் காகிதத்தில் அது தொழிற்சாலை நிலம். அந்த வகைப்பாட்டை மாற்றினால்தான் அங்கே அரங்கம் கட்ட முடியும். ஆறு வருடம் மனுவோடு அலைந்தேன். ஊரில் பாதிப் பேர், வேறு கம்பெனி வந்தால் பிள்ளைகளுக்கு வேலை கிடைக்கும், ஸ்டேடியமா சோறு போடும் என்றார்கள். வீடு வீடாகப் போய்ப் பேசினேன். கூடவே வந்தவன் ஜான்சன்.

ஜான்சன் காலனிக்காரன். அவன் அப்பா எங்கள் நிலத்தில் வேலை செய்தவர். நான் அப்படியெல்லாம் பார்த்ததில்லை. பதினாறு வயதிலிருந்து ஒரே டீமில் ஆடினோம். மாகறலில் ஒரு போட்டி. ஒரே மூச்சில் பாடிக்கொண்டு போய் நாலு பேரைத் தொட்டுவிட்டுத் திரும்பினான். அப்படி ஒரு மூச்சை நான் யாரிடமும் பார்த்ததில்லை. ஆடும்போது என்னைத் தினா என்பான். என் அப்பா எதிரில் வந்தால் சின்னவரே என்பான். காலனியிலிருந்து வந்து எங்கள் வீட்டில் சாப்பிட்ட முதல் ஆள் அவன்தான். பின்பக்கத் தாழ்வாரத்தில்தான் என்றாலும், சாப்பிட்டான்.

அந்த ஆலையில் அவன் ஐந்து வருடம் ஹெல்பர் வேலை பார்த்தவன். நான் அந்த இடத்தைச் சொன்ன முதல் நாளே, “அங்க வேணாம் தினா” என்றான். “கடைசி ரெண்டு வருசம் சாயக் கயிவ லாரில ஏத்தல. நாங்களே குயி தோண்டிப் பொதைச்சோம். கயிவுத் தொட்டி அடிலயும் இன்னும் அப்படியே கீது.”

“மொதல்ல கையெழுத்து ஆவட்டும். மண்ண அப்பறம் மாத்திக்கலாம். நீ வாயத் தொறக்காத” என்றேன்.

அவன் என் கையைப் பிடித்து, “சரி, உனக்கோசரம்” என்றான். அந்த வார்த்தையை நம்பித்தான் நான் ஆறு வருடம் ஓடினேன். இதை வாக்குமூலத்தில் கொஞ்சம் அழுத்தமாக எழுதிக்கொள்ளுங்கள்.

பிப்ரவரி மாதம் கருத்துக்கேட்புக் கூட்டம் வைத்தார்கள். இருநூறு பேர் வந்திருந்தார்கள். எல்லாம் எங்களுக்குச் சாதகமாகவே போனது. வேறு யாராவது பேச வேண்டுமா என்று அதிகாரி கேட்டார். ஜான்சன் எழுந்தான். பக்கத்தில் அவன் மகள் நிஷா, எங்கள் குழுவில் ஆடுகிறவள்.

“உள்ள விரிப்பு போடுவீங்க சார். வெளிய ஓடுற கொயந்தைங்க அந்த மண்ணுலதான வுயும்? அந்த போர் தண்ணியத்தான குடிக்கும்? அதுல இன்னா கீதுன்னு எனக்குத் தெரியும். பொதைச்சவனே நான்தான்.”

ஒருமுறைகூட அவன் என் பக்கம் திரும்பவில்லை. ஆதாரம் இருந்தால் மூன்று வாரத்தில் கொண்டுவாருங்கள் என்று அதிகாரி கூட்டத்தைத் தள்ளிவைத்தார். அத்தனை பேரும் என்னைப் பார்த்தார்கள். அப்பா செத்த அன்றுகூட எனக்கு அப்படி இருந்ததில்லை, ஐயா.

அந்த ஞாயிற்றுக்கிழமை அவனே வீடு தேடி வந்தான்.

“கோவமா கீறியா தினா?”

“இல்லை” என்றேன்.

“நிஷா அங்க ஆடப்போவுதுன்னு நெனச்சா தூக்கம் வரல. மன்னிச்சுக்க. நீயே வந்து பாத்துடு. தொட்டி அடில இருந்து ஒரு டப்பா கயிவு எடுத்தா போதும், ஆதாரம் ஆயிடும். கயிறு புடிக்க ஒரு ஆளு வோணும். உன்ன வுட்டா எனக்கு யாரு கீறாங்க?”

செவ்வாய்க்கிழமை காலை போகலாம் என்றேன்.

கயிறு யாருடையது என்று அவன் மனைவி தேவயானி உங்களிடம் கேட்டிருக்கிறாள். நியாயமான கேள்வி. அது என் பம்புசெட் கொட்டகைக் கயிறுதான். அன்று நான் அங்கே போகவே இல்லை என்று முன்பு எழுதிக் கொடுத்தது பொய். இருவரும் சேர்ந்துதான் தொட்டியின் மேல்பலகையை நகர்த்தினோம். பன்னிரண்டு அடி ஆழம் இருக்கும். அவன் இடுப்பில் கயிறு, வாயில் துண்டு. “ஒரே மூச்சுல பூந்து வந்துடுவன். ரெண்டு தபா இயுத்தா நீ தூக்கிடு” என்றான். நான் அவனைத் தள்ளவில்லை. இறங்கு என்றும் சொல்லவில்லை.

அவன் இரண்டு முறை இழுத்தான். கயிறு என் கையில்தான் இருந்தது. நழுவவில்லை. நான் பிடித்துக்கொண்டு நின்றேன், அவ்வளவுதான். மறுபடி இரண்டு முறை இழுத்தான். தினா என்று கூப்பிட்டதாக ஞாபகம். சின்னவரே என்று கூப்பிட்டதாகவும் ஞாபகம். பள்ளத்துக்குள்ளிருந்து வரும் குரல் சரியாகக் கேட்காது. அப்புறம் கயிறு கனத்துவிட்டது. மறுமுனையை அங்கிருந்த இரும்புக் கம்பியில் கட்டிவிட்டு, வரப்பு வழியாக வீட்டுக்கு வந்தேன்.

விஷவாயு இருப்பது முன்பே தெரியுமா என்று கேட்டீர்கள். அதற்கு முந்தைய நாள், திங்கட்கிழமை, நான் மட்டும் போய்ப் பலகையைக் கொஞ்சம் விலக்கி அரிக்கேன் விளக்கை இறக்கிப் பார்த்தேன். பழங்கிணற்றில் இறங்கும் முன் எல்லோரும் செய்வதுதான். ஆறடியில் அணைந்தது. ஏற்றி மறுபடி இறக்கினேன். மறுபடியும் அணைந்தது. அவனிடம் நான் அதைச் சொல்லவில்லை. கூட்டத்தில் பேசப்போவதை அவன் என்னிடம் சொன்னானா?

பிறகு நடந்தது உங்களுக்கே தெரியும். தீயணைப்பு வண்டி வந்து உடலை எடுத்தது. ஆபத்தான பள்ளம் என்று தொட்டியை மண் கொட்டி மூடினார்கள். பள்ளத்தைப் பற்றி எல்லோரும் பேசினார்கள், மண்ணைப் பற்றி யாரும் பேசவில்லை. அடுத்த கூட்டத்தில் அவனுக்காக இரண்டு நிமிடம் மௌனமாக நிற்கலாம் என்று நான்தான் எழுந்து சொன்னேன். எதிர்த்து ஒருவரும் பேசவில்லை. நில வகைப்பாடு மாறியது. இப்போது தூண்கள் எழும்பிவிட்டன.

நிஷா ஆடமாட்டேன் என்று வீட்டிலேயே கிடந்தாள். நான்தான் போய்ப் பேசினேன். உன் அப்பன் உயிரை விட்ட இடம், நீ ஆடினால்தான் அவன் ஆத்மா சாந்தியடையும் என்றேன். இப்போது தினமும் காலையில் அந்த மைதானத்தை முதலில் சுற்றி வருவது அவள்தான். தாகமெடுத்தால் குடிக்க அங்கேயே குழாய் போட்டுக் கொடுத்திருக்கிறேன்.

அரங்கத்துக்கு ஜான்சன் பெயரை வைக்கச் சொல்லி முதல் மனு கொடுத்தவனும் நான்தான். கூடப் பிறந்தவன்கூட இதைச் செய்யமாட்டான். கையெழுத்து எங்கே போட வேண்டும் என்று காட்டுங்கள், போடுகிறேன். ஒன்று மட்டும் சேர்த்துக்கொள்ளுங்கள் ஐயா. நம்பியவனுக்கு அவன் செய்த மாதிரி ஒரு துரோகத்தை என் வாழ்நாளில் நான் யாருக்கும் செய்ததில்லை.