இடக்கை மடிப்பு

இன்ஸ்பெக்டர் ஐயா, உங்கள் தொப்பியை விளிம்பு மேசையில் படும்படி வைத்திருக்கிறீர்கள். அப்படி வைத்தால் ஆறு மாதத்தில் விளிம்பு தட்டையாகிவிடும். மல்லாத்தி, உச்சி கீழே இருக்கும்படி வையுங்கள். நல்ல ரோம ஃபெல்ட் அது. யாரோ ஈரத்துணி போடாமல் நேரே இஸ்திரிப்பெட்டியை வைத்திருக்கிறார்கள், வலது பக்கத்தில் பளபளப்பு தெரிகிறது. என்னிடம் வந்திருந்தால் ஆவியில் பிடித்தே எடுத்திருப்பேன்.

சொல்கிறேன். அவசரமில்லை, ஆறுதலாக எழுதுங்கள்.

என் பெயர் வரதராசா. கொழும்பு கொட்டாஞ்சேனை ஜம்பட்டா வீதியில் பதின்மூன்று வருடங்களாகப் பழைய ஃபெல்ட் தொப்பிகளைத் திருத்துகிறேன். இருப்பது வெள்ளவத்தையில், ரயில் பாதையோரம் ஓர் அறை. சீமைக்குத் திரும்பும் துரைமார் ஏலத்தில் விட்டுப்போகும் தொப்பிகளை வாங்கி, பூச்சி அரித்த இடத்தை அடைத்து, மரத்தலையில் ஏற்றி உருவம் கொடுத்து நானும் போட்டுக்கொள்வேன். அது பெருமைக்கு என்று தெருவில் உள்ளவர்கள் நினைத்தார்கள். அப்படி இல்லை. முன்விளிம்பைக் கொஞ்சம் கீழே இழுத்துவிட்டால் மூக்குக்கு மேலே ஆள் யாரென்று தெரியாது. எனக்கு அது வேண்டியிருந்தது.

நான் பயந்த மனிதன், ஐயா. கோட்டை ரயில் ஸ்டேஷனில் யாராவது பின்னால் கொஞ்சம் வேகமாக நடந்து வந்தால், குனிந்து சப்பாத்து நாடாவைக் கட்டுவேன். அவர் கடந்து போன பிறகுதான் எழும்புவேன். பதின்மூன்று வருடங்கள் அப்படித்தான் நடந்தேன்.

அதற்கு முன் கோலாலம்பூரில் இருந்தேன். அங்கே என் பெயர் இராசநாயகம். தொழில் பழகியது ஒரு சீனரிடம். நான் இடக்கைக்காரன். நான் தைப்பதும் மடிப்பதும் அவருக்குத் தலைகீழாகத் தெரியும், பார்த்துச் சிரிப்பார். பிறகு சொந்தமாக ஒரு சின்னக் கடை போட்டேன். மனைவி பெயர் கனகேஸ்வரி. வீட்டுக்குப் பின்னால் ஒரு கிணறு இருந்தது. ஒரு மழைநாள் காலையில் அவள் அதில் விழுந்துவிட்டாள்.

மரண விசாரணையில் விபத்து என்றுதான் தீர்த்தார்கள். ஒரு தமிழ் வாரப் பத்திரிகை மட்டும் வேறு விதமாக எழுதியது. அவள் இரண்டு தரம் கூப்பிட்டது பக்கத்து வீட்டுக்குக் கேட்டிருக்கிறது, தொப்பிக்கார இராசநாயகம் அந்த நேரம் வீட்டில்தான் இருந்திருக்கிறான், அவன் ஏன் போகவில்லை என்று கேட்டிருந்தார்கள். நியாயமான கேள்விதான். நான் தண்ணீர் கொதிக்கும் கேத்தலின் ஆவியில் ஒரு தொப்பியைப் பிடித்துக்கொண்டிருந்தேன். நடுவில் விட்டால் உருக்குலைந்துவிடும். இன்னொன்றும் உண்டு. தமையன் வீட்டுக்கே போய்விடப் போகிறேன் என்று முதல்நாள் அவள் சொல்லியிருந்தாள். தனியாக இருக்க எனக்குப் பயம். நான் அவளைத் தள்ளவில்லை, ஐயா. கயிற்றை இறக்கவில்லை, அவ்வளவுதான்.

எங்கள் தெருமுனைக் கடைக்கு அந்தப் பத்திரிகையில் இருபத்திரண்டு பிரதிகள் வந்தன. அத்தனையையும் நானே வாங்கினேன். எரித்தால் புகையைப் பார்த்து யாராவது கேட்பார்கள் என்று என் கடைக்குக் கொண்டுபோய் வைத்தேன். தொப்பிக் கடையில் தாள் வீணாவதில்லை, இரண்டு மாதத்தில் தீர்ந்துவிட்டது. பிறகு கப்பலேறிக் கொழும்புக்கு வந்தேன்.

மிஸ்டர் ஹியூபேட் என் கடைக்கு வந்தது இந்த வருடம் பங்குனி மாதத்தில். கொட்டாஞ்சேனைப் பறங்கியர், ஐரோப்பிய வழி வந்து இங்கேயே பிறந்து வளர்ந்தவர். துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். பெரிய உடம்பு, எதற்கெடுத்தாலும் சிரிப்பு. வீதியில் எல்லாரோடும் அவரவர் பாஷையில் கதைப்பார். சாம்பல் நிறத் தொப்பியொன்றை என் மேசையில் வைத்தார்.

"எங்கட அக்காட புருசன்ட தொப்பி, மேன். சிரம்பான்ல ரயில்வேயில இருந்தவர். ஆள் போயிட்டார், தொப்பி எனக்கு வந்திருக்கு. ஈஸ்டருக்குப் போடோணும். செய்து தருவீரா?"

"ஓம், மிஸ்டர். வச்சிட்டுப் போங்கோ. சனிக்கிழமை தாறன்."

அவர் கடையைச் சுற்றிப் பார்த்தார். "நீரும் மலாயாப் பக்கம் இருந்தனீரோ?"

"இல்லை" என்றேன். அவர் தலையை ஆட்டிவிட்டுப் போனார். ஏன் கேட்டார் என்று அன்று முழுவதும் யோசித்தேன். அலமாரியில் இருந்த மரத்தலையில் கோலாலம்பூர் முத்திரை இருப்பது பின்னேரம்தான் கண்ணில் பட்டது. அதை நான் எப்போதோ சுரண்டி எடுத்திருக்க வேண்டும்.

பழைய தொப்பியில் முதல் வேலை, உள்ளே நெற்றியைச் சுற்றி ஓடும் தோல்பட்டியைப் பிரிப்பது. வியர்வை முழுவதும் குடித்துக் கறுத்திருக்கும். அதற்குள் ஆட்கள் என்னென்னவோ வைத்திருப்பார்கள். ரயில் சீசன் டிக்கெட், அந்தோனியார் படம், ஒருமுறை ஒரு கொத்துத் தலைமயிர். தையலைப் பிரித்தபோது பின்பக்கம் ஒரு தாள் இருந்தது. பழுத்துப்போன பத்திரிகைத் தாள். விரித்தேன். நடுவில் என் பழைய பெயர். அதன் கீழே கிணறு, கனகேஸ்வரி, அவள் கூப்பிட்ட இரண்டு தரம்.

கேத்தலில் தண்ணீர் வற்றி அடிப்பிடித்த மணம் வந்த பிறகுதான் எழுந்தேன்.

தொப்பி தளர்வாக இருந்தால் தோல்பட்டிக்குள் தாளை மடித்துச் செருகி இறுக்குவது எங்கள் தொழிலில் எல்லாரும் செய்வது. நானே எத்தனையோ தொப்பிகளுக்குச் செய்திருக்கிறேன். அன்று அந்த நினைப்பே எனக்கு வரவில்லை. ஒரு மனிதன் என் பெயர் உள்ள தாளைத் தலையில் சுமந்துகொண்டு, கொழும்பு முழுவதையும் விட்டுவிட்டு என்னிடம் வந்து அதைத் திறக்கச் சொல்கிறான் என்றுதான் நினைத்தேன். கொட்டாஞ்சேனையில் வேறு தொப்பி திருத்துகிறவன் இல்லை என்பதும் நினைவுக்கு வரவில்லை.

அந்தத் தாளை அடுப்பில் போட்டிருக்கலாமே என்று கேட்பீர்கள். போட்டிருந்தால், நான் பார்த்துவிட்டேன் என்று அவருக்குத் தெரிந்துவிடும். பழைய மடிப்பிலேயே மடித்து, பழைய இடத்திலேயே வைத்துத் தைத்தேன். என் கை கொஞ்சமும் தடுமாறாமல் அதை மடித்தது.

சனிக்கிழமை வந்தார். தொப்பியைப் போட்டுக் கண்ணாடியில் பார்த்து மகிழ்ந்துபோனார். பிறகு சட்டைப்பையிலிருந்து ஒரு துண்டறிக்கையை எடுத்து நீட்டினார். கோயில் தேர் ஓடும் நாளில் எந்தெந்த வீதியை மூடுவார்கள் என்று தமிழில் அச்சடித்தது.

"இதில என்ன போட்டிருக்கு? வாசிச்சுச் சொல்லும் மேன்."

அதே பையில் அவருடைய மூக்குக்கண்ணாடி இருந்தது, ஐயா. நான் பார்த்தேன். கண்ணாடியை வைத்துக்கொண்டு என்னை வாசிக்கச் சொல்கிறார். நான் வாசித்தேன். அவர் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். தமிழ் எழுத்தை நான் எப்படி வாசிக்கிறேன், எங்கே தடக்குகிறேன் என்று சோதிக்கிறார் என்பது எனக்கு விளங்கிவிட்டது.

"தனியாவா இருக்கிறீர்? மனுசி இல்லையா?" என்றார்.

"இல்லை."

"பாவம். ஈஸ்டருக்கு எங்கட வீட்டுக்கு வாரும். தனியாச் சாப்பிடாதீர்."

மனைவி பிள்ளையின் முன்னால் உட்காரவைத்துக் கேட்கப் போகிறார். நெற்றியில் கொஞ்சம் பிடிப்பதுபோல இருக்கிறது, இன்னும் இரண்டு நாள் மரத்தலையில் இருக்கட்டும் என்று சொல்லித் தொப்பியைத் திரும்ப வாங்கிக்கொண்டேன்.

பூச்சி அரிக்காமல் இருப்பதற்காக ஃபெல்ட்டின் வெளிப்பக்கத்தில் தடவும் ஒரு மருந்து என்னிடம் உண்டு. பாதரசச் சரக்கு. சீனர் கொடுத்தது. கையில் பட்டால் உடனே சோப்புப் போட்டுக் கழுவு, தோலில் ஊறினால் ஆளையே கொண்டுபோய்விடும் என்று சொல்லித்தான் கொடுத்தார். நான் அதைத் தோல்பட்டிக்குத் தடவினேன். உட்பக்கத்தில், நெற்றி படும் இடம் முழுவதும். காயவிட்டு இன்னொரு தரம் தடவினேன். கொழும்பு வெயிலில் வியர்வைக்குக் குறைவில்லை.

ஈஸ்டருக்குப் போனேன். போகாவிட்டால் சந்தேகம் வரும். அவருடைய மனைவி புரூடர் கேக்கும் சீஸும் வெட்டி வைத்தார். மகன் நோயல், இருபத்தைந்து வயதிருக்கும், பியானோ வாசித்தார். ஹியூபேட் தொப்பியைக் கழற்றாமலே மேசைக்கு வந்ததற்கு மனைவி ஏசினார். எல்லாரும் சிரித்தார்கள். என்னிடம் யாரும் எதையும் கேட்கவில்லை. அதுதான் எனக்கு மிகவும் பயமாக இருந்தது. கேட்காமல் இருக்க எவ்வளவு பேசி வைத்திருப்பார்கள் என்று யோசித்தேன்.

அதன் பிறகு அவர் தொப்பியை மூன்று தரம் கொண்டுவந்தார். நெற்றியில் சிவப்பாக ஒரு கோடு விழுந்திருந்தது. "அரிக்குது மேன், தோல் சரியில்லைப் போல" என்பார். நான் தோலைத் துடைத்துப் பதப்படுத்திக் கொடுப்பேன். பதப்படுத்தியது அதே மருந்தால்தான். மூன்றாம் தரம் வந்தபோது கை நடுங்கியதால் தொப்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு வந்தார். ஈறெல்லாம் வீங்கியிருந்தது. டிராமில் ஏற முடியவில்லை என்று சொல்லிச் சிரித்தார். நான் ஒரு கதிரையை இழுத்துப் போட்டேன்.

ஆனி மாதம் பொரளையில் ஆஸ்பத்திரியில் படுத்திருந்தார். தோடம்பழம் வாங்கிக்கொண்டு பார்க்கப் போனேன். கடைசி நேரத்தில் யாரிடமாவது சொல்லிவிடுவாரோ என்ற பயத்தில் அவர் அங்கே கிடந்த நான்கு நாளும் போனேன். கட்டிலுக்குப் பக்கத்தில் இருந்து அவர் வாயையே பார்த்துக்கொண்டிருப்பேன். சொன்னது ஒன்றுதான்.

"அந்தத் தொப்பியை நோயலுக்குக் குடுக்கச் சொல்லியிருக்கன். நீர் நல்லாச் செய்து தந்தீர், மேன்."

நல்லது என்றேன்.

கனத்தை மயானத்தில் அடக்கம் செய்தார்கள். பெட்டி இறங்கும்போது எல்லாரும் தொப்பியைக் கழற்றினார்கள். நானும் கழற்றினேன், விளிம்பைப் பிடித்து. முடிந்து திரும்ப எல்லாரும் போட்டுக்கொண்டபோது நோயல் அந்தச் சாம்பல் நிறத் தொப்பியைப் போட்டுக்கொண்டார். தகப்பனுக்கும் மகனுக்கும் ஒரே அளவு. நான் அவரிடம் போய் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். தகப்பனை இழந்து நிற்கிற பிள்ளையின் தலையிலிருந்து தொப்பியைக் கழற்றச் சொல்வது மரியாதையாகப் படவில்லை. தாளும் அதற்குள்தான் இருந்தது. தகப்பனுக்குத் தெரிந்தது மகனுக்கும் தெரிந்திருக்கும்தானே.

ஆவணி மாதம் நோயல் அதைக் கடைக்குக் கொண்டுவந்தார். "டாடிட தொப்பி, அங்கிள். கவனமாச் செய்யுங்க" என்றார். வழக்கமாகச் செய்வதைச் செய்து கொடுத்தேன்.

ஆஸ்பத்திரியில் கிடந்த நோயல் பிழைத்துவிட்டார் என்று நீங்கள் சொன்னீர்கள். சந்தோஷம். கை நடுக்கம் மட்டும் போகாது என்றீர்கள். பியானோ வாசிக்கிற பிள்ளை. தகப்பனின் நெற்றியில் பார்த்த அதே சிவப்புக் கோட்டை மகனின் நெற்றியிலும் பார்த்த டாக்டர் கெட்டிக்காரர்தான். நீங்கள் கடைக்கு வந்தபோது போத்தல் அலமாரியில்தான் இருந்தது, நான் ஒளிக்கவில்லை. அன்று இரவுதான் பதின்மூன்று வருடத்தில் முதல்முறையாக நன்றாக நித்திரை கொண்டேன்.

நீங்கள் தொப்பியைப் பிரித்து அந்தத் தாளை இங்கே வைத்திருக்கிறீர்கள். விரிக்க வேண்டாம், என்ன எழுதியிருக்கிறது என்று எனக்குத் தெரியும். விளக்கைக் கொஞ்சம் கிட்டக் கொண்டுவாருங்கள். மூன்றாக மடித்திருக்கிறது. மூலையை உள்ளே செருகியிருக்கிறது, தாள் அவிழாமல் இருக்க. எல்லாரும் வலது மூலையைச் செருகுவார்கள். இது இடது மூலை.

என் மடிப்புத்தான், ஐயா. பங்குனியில் என் கடையில் வைத்துத் திரும்ப மடித்ததைச் சொல்லவில்லை. முதல் மடிப்பே என்னுடையது. அந்த இருபத்திரண்டு பிரதிகளையும் நான் எங்கே தீர்த்தேன் என்று இப்போது நினைவு வருகிறது. தளர்ந்த தொப்பிகளுக்குள் ஒவ்வொன்றாக மடித்து வைத்தேன். அங்கே வைத்தால் தொப்பி திருத்துகிறவனைத் தவிர வேறு யார் கண்ணிலும் படாது என்று வைத்தேன். அந்தச் சிரம்பான் ரயில்வேக்காரர் யாரென்று எனக்குத் தெரியாது. தலை சிறிய ஆளாக இருந்திருப்பார்.

ஹியூபேட்டுக்கு வாயில்தான் தமிழ், ஓர் எழுத்தும் வாசிக்கத் தெரியாது என்று அவர் மனைவி சத்தியம் செய்து சொன்னதாகச் சொல்கிறீர்கள். எழுதிக்கொள்ளுங்கள், நான் மறுக்கவில்லை. கையெழுத்தும் போடுகிறேன், இடது கையால். ஆனால் நீங்கள் படித்தவர், ஒன்றை மட்டும் யோசித்துப் பாருங்கள். தமிழ் வாசிக்கத் தெரியாத மனிதன், அந்தத் துண்டறிக்கையை என்னிடம் கொடுத்து ஏன் வாசிக்கச் சொன்னார்?