நான் படித்தேன், அவ்வளவுதான்

ஃபேனுக்குக் கீழே உட்காருங்கள் ஃபாதர், அந்த நாற்காலிக்கு ஒரு கால் ஆட்டம். காபியைச் சூடாகவே குடித்துவிடுங்கள். ஆறியதை மறுபடி சுடவைத்துக் கொடுக்கும் பழக்கம் இந்த வீட்டில் கிடையாது.

ஜூலியட் சொல்லித்தான் வந்திருக்கிறீர்கள் என்று தெரியும். அவள் கூத்தாநல்லூரில், கூடப் படித்த பர்வினின் பெற்றோர் வீட்டில் இருக்கிறாள் என்பதும் தெரியும். அம்மா செய்ததை அம்மா வாயாலேயே சொல்லட்டும் என்றாளாமே. சொல்கிறேன், அதற்கென்ன. ஆனால் இது பாவசங்கீர்த்தனம் இல்லை. அதற்குக் கோவிலுக்கு வந்து முட்டிபோட எனக்குத் தெரியும். அஞ்சாம் வகுப்பில் உங்களுக்கு இங்கிலீஷ் சொல்லிக்கொடுத்த அமலி டீச்சராகத்தான் இப்போது பேசுகிறேன். அன்றைக்கு மாதிரியே குறுக்கே பேசாமல் கேளுங்கள், அருள்பிரகாஷ்.

முதலில் ஒன்று. என் மகளுக்கு வந்த ஒரு மெயிலைக்கூட நான் அழிக்கவில்லை. வேறெங்கும் தூக்கிப் போட்டு மறைக்கவும் இல்லை. வந்தது வந்தபடி அப்படியே இருக்கிறது. நான் படித்தேன், அவ்வளவுதான். படிப்பது எந்த ஊரில் குற்றம், சொல்லுங்கள் பார்ப்போம்.

அந்தக் கம்ப்யூட்டர் என் வீட்டுக்காரர் வாங்கியது. நெல் கொள்முதல் நிலையத்தில் பட்டியல் எழுத்தராக இருந்து ரிட்டயர் ஆனதும் ஆசைப்பட்டு வாங்கினார். அவர் போன பிறகு ஜூலியட் அதில் தன் மெயிலைப் போட்டுக்கொண்டாள், சர்டிபிகேட் எல்லாம் பிரிண்ட் எடுக்கத் தோதாக இருக்கும் என்று. போனிலும் அதே மெயில், இதிலும் அதே மெயில். திருவாரூரில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் நர்ஸ் வேலை. டியூட்டியில் போனை லாக்கரில் வைத்துவிட வேண்டும், அது அங்கே சட்டம்.

என் மகன் கிளமென்ட் கனடாவிலிருந்து பேரன் போட்டோவைத் தங்கச்சி மெயிலுக்குத்தான் அனுப்புவான். அதைப் பார்க்க ஒருநாள் உட்கார்ந்தேன். கை தவறி மேலே இருந்த மெயிலில் பட்டுவிட்டது. அயர்லாந்தில் ஒரு ஆஸ்பத்திரி. உங்கள் விண்ணப்பம் கிடைத்தது, இன்டர்வியூவுக்கு வசதியான தேதியைச் சொல்லுங்கள் என்று எழுதியிருந்தார்கள். தடித்த எழுத்தில் இருந்த வரி, நான் தொட்டதும் மெலிந்து போனது. பதறிப்போனேன், உண்மையாகவே. பிள்ளைக்கு வந்ததை நாம் முதலில் பிரித்துவிட்டோமே என்று, அதைத் திரும்பவும் தடிப்பாக்கிவிட்டு, கம்ப்யூட்டர் ரிப்பேர் பார்க்கும் அப்சருக்குப் போன் போட்டேன்.

"அது ஐமேப், டீச்சர். ரெண்டு எடத்துலயும் ஒரே பெட்டிதான். இங்க படிச்சா போன்லயும் படிச்சதா ஆயிடும். நீங்க திரும்பப் படிக்காததா மாத்துனீங்கன்னா இங்க மட்டுந்தான் மாறும், இந்தப் பழைய புரோகிராம் அதை மேல அனுப்பாது. இதுல அதான் குறை. புதுசு ஒண்ணு போட்டுத் தரட்டுங்களா?"

வேண்டாம்ப்பா, இருக்கிறது போதும் என்றேன்.

சாயங்காலம் அவள் வந்ததும் சொல்லத்தான் இருந்தேன். அவள் செருப்பைக்கூடக் கழற்றாமல் போனைப் பார்த்தாள். விளம்பர மெயில் குப்பையாக வந்து குவியும் என்று, படிக்காததை மட்டும் காட்டும்படி வைத்திருந்தாள். "ஒண்ணும் வரலம்மா" என்றாள். சொல்ல வாயெடுத்தேன். அவள் பசியோடு உட்கார்ந்தாள், மீன் குழம்பை ஊற்றினேன், பேச்சு வேறு பக்கம் போய்விட்டது. அதோடு சரி.

பிறகு காலையில் அவள் பஸ் ஏறியதும் கம்ப்யூட்டரைப் போடுவது வழக்கமாகிவிட்டது. ஆஸ்பத்திரிக் கடிதம் இருந்தால் படிப்பேன். மற்றதைத் தொடமாட்டேன். அடுத்தவர் விஷயத்தில் மூக்கை நுழைக்கிற புத்தி எனக்குக் கிடையாது.

ஏன் என்று கேட்கத்தானே வாயைத் திறக்கிறீர்கள்? என் வீட்டுக்காரர் அடக்கத்தன்று ஜெபம் சொல்லிக் குழியை மந்திரித்தது நீங்கள்தானே. கிளமென்ட் எங்கே நின்றான் என்று ஞாபகம் இருக்கிறதா? பக்கத்து வீட்டுப் பையன் கையில், போனுக்குள் நின்றான். குழிக்குப் பக்கத்தில் போனதும் சிக்னல் அறுந்து, அவன் முகம் வாயைத் திறந்தபடியே உறைந்துவிட்டது. ஆளுக்கொரு பிடி மண் போட்டார்கள். மகன் பங்கு மண்ணை நான் போட்டேன். அன்றைக்கு முடிவு செய்தேன் ஃபாதர், என் பங்கு மண்ணையாவது பெற்ற பிள்ளை ஒன்று கையால் அள்ளிப் போட வேண்டும் என்று. இதில் என்ன பேராசை இருக்கிறது?

வெளிநாடு போகாதே என்று ஒருநாளும் சொன்னதில்லை. சொன்னால்தான் பிள்ளைகள் வீம்புக்குப் போகும். ஏஜென்ட் எல்லாம் ஏமாற்றுக்காரன், நேராக ஆஸ்பத்திரிக்கே எழுதிப் போடு என்று வழி சொன்னதே நான்தான். ஏஜென்ட் என்றால் போனில் கூப்பிட்டுத் தொலைப்பான். விண்ணப்பத்தில் இங்கிலீஷ் பிழைகூடத் திருத்திக் கொடுத்திருக்கிறேன். நல்ல விண்ணப்பங்கள். அதனால்தான் பதில் மேல் பதில் வந்தது.

அவள் கஷ்டப்படவில்லை என்று நான் சொல்லமாட்டேன். அதே வாரம் எழுதிப்போட்ட பர்வினுக்கு விசா வந்து, அவள் போயும்விட்டாள். இவளுக்கு ஒன்றும் இல்லை. அந்த இங்கிலீஷ் பரீட்சை காலாவதியாகி, திரும்ப எழுதி, அதுவும் காலாவதியானது. கண்ணாடி முன்னால் நின்று, "என்கிட்ட என்னம்மா குறை? கருப்பா இருக்கேன்னா?" என்று கேட்டாள். உனக்கு ஒரு குறையும் இல்லடி, மாதா சித்தம் வேறயா இருக்கு என்றேன். சாப்பாடு குறைந்தது. கொத்துக் கொத்தாக முடி கொட்டியது. ஊசி போடும்போது கை நடுங்குகிறது என்று ஐசியூவிலிருந்து சாதாரண வார்டுக்கு இறக்கினார்கள். அவள் அழுதாள். எனக்கு நிம்மதியாக இருந்தது, நைட் டியூட்டி இல்லாமல் தினமும் வீட்டில் படுத்தாள்.

வேளாங்கண்ணியில் பெரிய கோவிலிலிருந்து மாதா குளம் வரை மணலில் முழங்காலால் வருகிறேன் என்று நேர்ந்துகொண்டாள். ஒரே ஒரு பதில் வந்தால் போதும் தாயே என்று. நல்ல பங்குனி வெயில். பக்கத்திலேயே குடை பிடித்துக்கொண்டு, தண்ணீர் பாட்டிலோடு நானும் நடந்தேன். பாதி வழியில் முட்டி தோல் உரிந்து மணலில் ரத்தம் பட்டது. "போதும் எழுந்திருடி" என்றேன். "வேண்டுதலை பாதில விடக்கூடாதும்மா" என்றாள். அன்று காலைதான் ஒன்று வந்திருந்தது, கிளம்புவதற்கு முன் படித்திருந்தேன். அவள் பக்தியை நான் கெடுக்கவில்லை. நானும்தான் வேண்டிக்கொண்டேன், மாதா யார் வேண்டுதலைக் கேட்பது என்பது மாதா பாடு.

இதுவரைக்கும் சொன்னதில் என் தப்பு எது? அவள் போனில் விரலை வைத்துக் கீழே தள்ளிப் பார்த்திருந்தால் எல்லாம் கண்ணில் பட்டிருக்கும். தேடாதது அவள் பிழை.

சரி. அந்த பிரிட்ஜெட் விஷயத்துக்கு வருகிறேன், அதற்காகத்தானே வந்தீர்கள். அயர்லாந்தில் அந்த முதல் ஆஸ்பத்திரியின் மேட்ரன் அவள். ஜூலியட் இரண்டாம் தடவை எழுதிப்போட்டதும் இவள் விடாமல் பிடித்துக்கொண்டாள். உங்களைப் போன்றவர்தான் எங்களுக்கு வேண்டும், பதில் போடுங்கள் என்று எழுதுவாள். படிப்பேன். திரும்பவும் எழுதுவாள். இப்படியே விட்டால் ஒருநாள் போனிலேயே கூப்பிட்டுவிடுவாள் என்று பயம் வந்தது. எனக்கு விருப்பமில்லை என்று ஜூலியட் பெயரில் பதில் போட்டேன். இந்தப் புரோகிராமிலிருந்து அனுப்பினால் அதன் நகல் இந்தக் கம்ப்யூட்டருக்குள்ளேயே தங்கிவிடும், போனுக்குப் போகாது. அதுவும் அதில் ஒரு குறைதான், எனக்குத் தோதாகப் போயிற்று.

அவளா விடுவாள்? வீட்டில் ஏதாவது சிரமமா, உங்களுக்காக இடத்தைப் பிடித்து வைக்கிறேன் என்று எழுதினாள். வேண்டாம் என்றால் ஏன் என்று கேட்கிற ஜாதி. யாரிடம் ஏன் என்று கேட்க முடியாது என்று யோசித்தேன். பிறகு அவள் மெயிலிலிருந்தே, என் பெயரைப் போட்டு எழுதினேன். என் மகள் ஜூலியட் காய்ச்சலில் இறந்துவிட்டாள், இனிமேல் எழுதித் துக்கத்தைக் கிளற வேண்டாம் என்று. நல்ல இங்கிலீஷ், ஒரு பிழை இருக்காது. அனுப்பிவிட்டு எழுந்து போய் அரிசி களைந்தேன்.

போன ஞாயிற்றுக்கிழமை காலைப் பூசைக்கு வந்தேனே, அன்று நீங்கள் பிரசங்கத்தை நீட்டினீர்கள். வீட்டுக்கு வந்து கம்ப்யூட்டரைப் போட்டால் பிரிட்ஜெட்டிடமிருந்து பதில். வரி மெலிந்து கிடந்தது. எனக்கு முன்னால் யாரோ படித்த ஒன்றை அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தேன். அனுதாபம் எழுதியிருந்தாள். உங்கள் மகளை நான் நேரில் பார்த்ததில்லை, ஆனாலும் எங்கள் சிற்றாலயத்தில் அவளுக்காக மெழுகுவர்த்தி ஏற்றினோம் என்று. படித்துக் கண் கலங்கிவிட்டது. என் வீட்டுக்காரர் போனதற்குக்கூட யாரும் இவ்வளவு பரிவாக எழுதவில்லை.

திரும்பினால் கதவருகில் ஜூலியட். கையில் போன்.

"அம்மா, நான் எப்பம்மா செத்தேன்?"

கத்தவில்லை. காய்கறி விலை விசாரிக்கிற மாதிரி கேட்டாள்.

"நீ போயிருந்தா எனக்கு அப்படித்தான்டி இருந்திருக்கும்" என்றேன்.

அவள் அங்கேயே நின்று போனில் விரலைத் தள்ளினாள். தள்ளிக்கொண்டே போனாள். ஒவ்வொன்றாக வாய்விட்டுப் படித்தாள், தேதியோடு. வேளாங்கண்ணிக்குப் போன அன்று காலையில் வந்த மெயிலும் அதில் இருந்தது. அதைப் படித்ததும் குனிந்து தன் முட்டியைத் தொட்டுப் பார்த்தாள். ஒரு பையில் துணியை அடைத்துக்கொண்டு பஸ்ஸுக்குப் போய்விட்டாள்.

மன்னிப்புக் கேட்கச் சொல்லாதீர்கள், கேட்கமாட்டேன். பெற்றவள் பிள்ளையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டதற்கு மன்னிப்பா? தவமிருந்து பெற்றேன். அவளை ஒரு வார்த்தை திட்டினேனா, கதவைப் பூட்டினேனா? அவளுக்காகச் சொல்லுங்கள் என்று கெஞ்சுகிறீர்கள், பாவம், உங்கள் நல்ல மனசு. ஆனால் அவளை உங்களைவிட எனக்குத் தெரியும். வீறாப்பு ஒரு வாரம், அதற்கு மேல் தாங்காது.

நீங்களே வேண்டுமானால் கம்ப்யூட்டரைப் பாருங்கள். ஞாயிற்றுக்கிழமையிலிருந்து திறந்ததும் பாஸ்வேர்டு தப்பு என்று என்னவோ ஒரு பெட்டி வருகிறது. அதை மூடிவிட்டால் பழையதெல்லாம் அப்படியே இருக்கிறது. புதிதாகத்தான் ஒன்றுமே இல்லை. தினமும் பார்க்கிறேன், ஒரு வரிகூட வரவில்லை. அவ்வளவுதான் அந்தச் சீமைக்காரர்கள் பாசம். என் பிள்ளையை அதற்குள் மறந்துவிட்டார்கள். இனி அவளுக்கு என்னை விட்டால் யார் இருக்கிறார்கள், ஃபாதர்?