குரோமில் படிந்த மூச்சு

பொழுது சாய்கிற நேரம். கிடங்குகளைத் தாண்டிப் போகிற சாலை... ஈ, காக்கை கிடையாது. அதன் கடைசியில்தான் என் நண்பனின் அக்காவும் அத்தானும் பட்டறை வைத்திருந்தார்கள். பழைய கார்களைப் புதுசாக்கிக் கொடுப்பது தொழில். அத்தானுக்குப் பட்டப்பெயர் ‘பாலிஷ்’. வண்டியும் மின்னும், அவர் வழுக்கையும் மின்னும்.

அன்று ஒரு பழைய கறுப்புக் கார் வந்திருந்தது. டேஷ்போர்டில் ஓடும் வெள்ளிப் பட்டையைப் பளிச்சென்று ஆக்க வேண்டும் என்று சொல்லிவிட்டு, சொந்தக்காரர் போய்விட்டார்.

அந்தப் பட்டை பார்வைக்குத்தான் உலோகம். உள்ளே பிளாஸ்டிக், மேலே மெல்லிய குரோம் பூச்சு. அழுத்தித் தேய்த்தால் உரிந்துவிடும். அக்கா மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, சோப்புத் தண்ணீரில் நனைத்த துணியால் பதமாகத் துடைத்தாள். இடுக்குகளுக்குப் பஞ்சுக் குச்சி. பிறகு உலர்ந்த துணி. பட்டையில் முகம் பார்க்கலாம் போலிருந்தது.

டிரைவருக்குப் பக்கத்து சீட்டுக்கு நேராக மட்டும்... ஆவி படிந்தது. வட்டமாக.

துடைத்தாள். படிந்தது. மறைந்தது. மறுபடி படிந்தது. ஈரக் கூந்தல் வாடை. காலி சீட்டின் ஸ்பிரிங் ‘க்ரிக்’ என்றது. ஒவ்வொரு வட்டமும் முந்தியதைவிடச் சின்னது...

அத்தான் சொந்தக்காரருக்குப் போன் போட்டார்.

“சார், ஒரு எடத்துல மட்டும் ஆவி படியுது. தொடச்சாலும் வருது.”

அந்தப் பக்கம் கதவைச் சாத்தும் சத்தம். பிறகு...

“இன்னும் மூச்சு இருக்கா?”

போன் துண்டிக்கப்பட்டது.

அத்தான் போனை வைத்துவிட்டு வண்டிக்கு ஓடினார். டிக்கியைத் திறந்தார். சீட்டுகளைத் தூக்கினார். ஒன்றுமில்லை.

“வெளிய வந்துடு!” என்று அக்காவிடம் கத்தினார்.

அக்காவுக்கு மனசு கேட்கவில்லை. “பாவங்க... காத்தாவது வரட்டும்.” நாலு கதவையும் விரியத் திறந்துவிட்டாள். கொஞ்ச நேரத்தில் ஆவி படிவது நின்றது.

சொந்தக்காரர் மூச்சிரைக்க வந்து சேர்ந்தார். யாரிடமும் பேசவில்லை. கதவுகளைச் சாத்தினார். அந்தப் புழுக்கத்தில் கண்ணாடிகளை ஒவ்வொன்றாக ஏற்றினார். உள்ளே உட்கார்ந்து, பட்டையையே வெறித்துப் பார்த்தார். காத்திருந்தார்.

பட்டை பளிச்சென்று இருந்தது.

கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கிச் சிரித்தார். “ரொம்ப சுத்தமா பண்ணியிருக்கீங்க.”

கார் சாலை இருட்டில் கரைந்தது. அத்தான் பூட்டை எடுத்துக்கொண்டு திரும்பினார். அக்கா நின்ற இடத்திலேயே நின்றாள்.

“என்னங்க... எனக்கு ஒண்ணுமே தெரியல.”

அவள் மூக்குக்கண்ணாடி ஆவி படிந்து வெளுத்திருந்தது.

“வேர்வையா இருக்கும்” என்று கழற்றி வாங்கி, விரலால் தடவிப் பார்த்தார்.

உள்பக்கம் காய்ந்திருந்தது. ஈரம்... வெளிப்பக்கத்தில்.