உள்ளூர் ஆளுக்கு ஒரு இடம்

அட, இங்கதான் சார் இருக்கான். நான் எதுக்குப் பொய் சொல்லப் போறேன். மொதல்ல உக்காருங்க. அந்தச் சேர் வேணாம், ஒரு கால் ஆடும், இதுல உக்காருங்க. கவினத்தான கேக்குறீங்க, பைக் ரேஸ் ஓட்டுற பையன்? எங்க கொழுந்தன்தான் சார். எங்க வீட்டுக்காரருக்குச் சித்தப்பா மகன், ஆனா வளந்ததெல்லாம் இந்த வீட்டுலதான்.

போட்டோவா, காட்டுங்க. ஆங், இவன்தான். நல்லா செவப்பா இருக்கானா? அது அவன் ஆத்தா நெறம் சார்.

டீம் மேனேஜர் சார் சொல்லி அனுப்பிச்சிருந்தாரு. லீக்ல இருந்து ஒரு சார் வருவாரு, பையன் நெசமாவே மதுரைக்காரன்தானான்னு விசாரிச்சிட்டுப் போவாருன்னு. டீமுக்கு ஏழு பேரு, அதுல ஒரு இடம் அந்த ஜில்லாக்காரனுக்குத்தான்னு ரூல் வச்சிருக்கீங்கல்ல. நல்ல ரூல்தான். அது மட்டும் இல்லேன்னா எங்க ஆளுகளக் கூப்புட்டு வண்டியக் கையில குடுக்குறது யாரு? பூனாக்காரன், கோயமுத்தூர்க்காரன், வெள்ளக்காரன்னு டீமு ரொம்பிப் போகும். எங்க ஆளுக வெளிய நின்னு வேர்க்கடல தின்னுக்கிட்டு வேடிக்க பாக்கணும்.

அப்படியா சார்? அட்ரஸ மட்டும் வாங்கிக்கிட்டு வெளியூர்க்காரன உள்ளூர்க்காரன்னு எழுதுறாங்களா? அடக் கொடுமையே. எனக்கென்ன தெரியும், நான் பிள்ளையப் பாப்பேனா, மாட்டப் பாப்பேனா. நீங்க கேக்குறதக் கேளுங்க.

எப்படி ஓட்டப் படிச்சானா? அது ஒரு பெரிய கூத்து. எங்க மாமனாருகிட்ட ஒரு பழைய டிவிஎஸ் இருந்துச்சு, பால் கேன் கட்டிக்கிட்டு திருநகருக்குப் போறதுக்கு. அதுல பிரேக்கே கெடையாது. தேஞ்சு போச்சு, அவரும் மாத்தல. இன்னைக்கு மாத்துவோம், நாளைக்கு மாத்துவோம்னு அப்படியே விட்டுட்டாரு. காலைல பால் ஊத்தி முடிச்சதும் வண்டிய எடுத்துக்கிட்டு கண்மாய்க்குள்ள எறங்கிர்றது. தண்ணியில்லாத கண்மாய், பொடி மண்ணு. பிரேக் இல்லாத வண்டிய எப்படி நிப்பாட்டுறது? பின்சக்கரத்த ஒதுக்கி விட்டு, எடது காலத் தரையில தேச்சுக்கிட்டே வளைக்கணும். அப்பிடியே மண்ணு விசிறி மாதிரிப் போகும். பின்னாடி ஒரு நா கோயமுத்தூர்ல இருந்து ஒரு கோச்சு வந்து பாத்துட்டு அசந்து போயிட்டாராம். ஏன்னா இந்த ரேஸ் வண்டியிலயும் பிரேக் கெடையாதாம்ல. எடது பக்கமாவே சுத்தணுமாம், சறுக்கிக்கிட்டேதான் திரும்பணுமாம். ஊருல அவனவன் காசு கட்டிப் படிக்கிறத இவரு பாலு ஊத்துற வண்டியிலயே படிச்சுட்டாரு.

இவரா? இவன்தான். தம்பிதான். பேச்சுல வந்துருச்சு சார்.

எடது காலுக்கு இரும்புச் செருப்பு போடணும், பாத்திருப்பீங்க. கம்பெனிச் செருப்பு எவன் குடுப்பான்? கோரிப்பாளையத்துல ஒரு பாய் வெல்டிங் பட்டறை வச்சிருக்காரு, அவருகிட்டப் போயி பழைய பூட்ஸுக்கு அடியில தகடு வச்சு அடிச்சாச்சு. பாயி கேட்டாராம், ஏம்ப்பா மாட்டுக்குத்தான லாடம் அடிப்பாங்கன்னு. அதப் போட்டுக்கிட்டு நடந்து வந்தா தெருவே திரும்பிப் பாக்கும், டங்கு டங்குன்னு. மொத மொத எங்க வீட்டுக்குப் பொண்ணு பாக்க வந்தப்ப, பிராக்டீஸ்ல இருந்து நேரா அதோடயே வந்துட்டாரு. எங்கம்மா பயந்துட்டாங்க, மாப்பிள்ளைக்குக் கால்ல ஏதும் கொறையான்னு.

ஆமாமா, பொண்ணு பாக்க வந்தது எங்க வீட்டுக்காரரு. இவன் கூட வந்தான். ரெண்டு பேருக்குமே செருப்பு இருந்துச்சு சார், ஒரே பட்டறைதான.

எங்க வீட்டுக்காரரா? அவரும் ஓட்டுனவருதான். உங்க ரெக்கார்டுலயே இருக்குமே, முத்திருளன்னு. இதுக்கு முன்னாடி அந்த உள்ளூர் இடம் அவரோடதுதான். இப்பத்தான் இல்ல.

ஏன் இல்லன்னு எங்கிட்டக் கேக்குறீங்க? ரூல் போட்டது நீங்கதான சார். சரி, எனக்குப் புரிஞ்ச மட்டும் சொல்றேன், தப்பா இருந்தா திருத்துங்க. ஜெயிக்க ஜெயிக்க ஒவ்வொருத்தனுக்கும் ஆவரேஜ்னு ஒரு நம்பர் ஏறும். ஏழு பேரு நம்பரையும் கூட்டுனா நீங்க போட்ட கோட்டத் தாண்டக் கூடாது. எல்லா டீமும் சமமா இருக்கணும்னு வச்சது. வெளியூர்ல இருந்து வாரவன் எல்லாம் பெரிய நம்பரு. அவுங்களே கோடு வரைக்கும் வந்துருவாங்க. அப்ப மிச்ச இடத்துல யாரத் திணிக்க முடியும்? சின்ன நம்பர்க்காரனத்தான். அதாவது உள்ளூர்க்காரன் வேணும், ஆனா அவன் தோத்துக்கிட்டே இருக்கணும். மேனேஜர் சார் அவருகிட்ட நேராவே சொல்லிட்டாரு, முத்து, நீ மூணாவதா வா, எடம் ஒனக்குத்தான், மேல வந்தா ஆபத்துன்னு. ஒரு ஓட்டத்துக்கு நாலே பேரு, இவரும் மூணாவதா வருவாரு. முந்துறதுக்கு வழி தெறந்து கெடக்கும், கைய மடக்கிக்கிட்டு பின்னாடியே வருவாரு. நான் ஸ்டாண்டுல பிள்ளைய இடுப்புல வச்சுக்கிட்டு நிப்பேன். பக்கத்துல இருக்குறவன், இந்த மதுரைக்காரன் வெளங்கமாட்டான்னு திட்டுவான். நான் பிள்ளைக்கு முறுக்க ஒடச்சுக் குடுப்பேன்.

வருத்தமா? இல்ல சார். சம்பளத்துக்கு வேல பாக்குற மாதிரிதான. சொன்னதச் செஞ்சாரு.

அந்த டீம்ல வெள்ளக்காரத் தம்பி ஒருத்தன் இருந்தான், டேனின்னு பேரு. லண்டனுக்குத் தள்ளி ஏதோ ஊரு. எங்க வீட்டுல வந்து கறித்தோச தின்னுருக்கான், கண்ணுல தண்ணி ஊத்தும், இன்னொண்ணு வை, ஆக்கான்னு கேப்பான், அக்காங்கிறதத்தான் அப்படிச் சொல்லுவான். அவன்கிட்ட செல்போனுல தமிழு, இங்கிலீசுன்னு மாத்தி மாத்திப் பேசித்தான் தெரிஞ்சுச்சு, அவங்க ஊர்லயும் இதே கததானாம். அங்கயும் லீக்கு இருக்காம், ரொம்ப வருசமா நடக்குதாம். ஆனா நல்ல இடமெல்லாம் போலந்துக்காரனுக்கும் ஆஸ்திரேலியாக்காரனுக்கும் போயிருதாம். சொந்த ஊருப் பயலுக்குக் கடைசி இடம்தான், அதுக்கும் ஏகப்பட்ட போட்டியாம். அங்க எடம் கெடைக்காமத்தான் இங்க வந்திருக்கான். இங்க வந்து எங்க ஆளுகளுக்கு வரவேண்டிய நல்ல எடத்த அவன் எடுத்துக்கிட்டான். எனக்குச் சிரிப்பு வந்துருச்சு. இவரு சொன்னாரு, மாப்ள, அப்ப நான் எந்த ஊருக்குப் போகன்னு. அத போன்ல மாத்திக் காட்டுனதும் அவன் சிரிக்கல. தட்டக் கழுவி வச்சுட்டுப் போனான்.

கடைசி மேட்சுல டேனிக்குத் தோள்ப்பட்ட எலும்பு முறிஞ்சு போச்சு. அவன் ஓட்ட வேண்டிய ரேஸையெல்லாம் இவர ஓட்டச் சொல்லிட்டாங்க. இவரு வண்டி ஓட்டை ஒடசல் சார், டீமுக்கு மிச்சமானது. டேனி ஆம்புலன்ஸ்ல ஏறப்போறவன், என் வண்டியில போன்னு சாவியக் குடுக்குற மாதிரிக் கையக் காட்டிட்டான். அந்த வண்டியில ஏறுனவருக்கு மூணாவதா வரத் தெரியல. வேணும்னு ஜெயிக்கல சார். நான் பாத்துக்கிட்டு இருந்தேன், மொத வளைவுலயே மண்ணு அந்தப் பக்கம் செவரு மாதிரி எந்திரிக்குது, இவரு இந்தப் பக்கம் தனியாப் போறாரு. மறுபடியும் ஏறுனாரு, மறுபடியும் அதே. ஓட்டுனது எல்லாத்துலயும் மொதல்ல வந்தாரு. திட்டுனவனெல்லாம் துண்டத் தூக்கிச் சுத்துனான். பக்கத்துல இருந்தவன் எம் பிள்ளையத் தூக்கித் தோள்ல வச்சுக்கிட்டான்.

நம்பரு ஏறிப் போச்சு. அவ்வளவுதான். உள்ளூர் எடத்துக்கு ரொம்பப் பெருசு, வெளியூர்க்காரன் எடத்துக்கு ரொம்பச் சிறுசு. ரெண்டுக்கும் ஆகாம நடுவுல நின்னுட்டாரு. மேனேஜர் சார் வீட்டுக்கே வந்து கையக் குடுத்தாரு, பிரமாதமா ஓட்டுன முத்து, இனிமே உன்னய எதுலயும் சேக்க முடியாதேப்பான்னாரு. நல்ல மனுசன்தான், குத்தம் சொல்லக் கூடாது. அவரு போனதும் இவரு சோறு தின்னுட்டுப் படுத்துட்டாரு. நான் வெங்காயம் உரிச்சுக்கிட்டு இருந்தேன். அன்னைக்கு வெங்காயத்துக்குக்கூட கண்ணு எரியல சார். என்னமோ, எல்லாம் பஞ்சு வச்சு அடச்ச மாதிரி இருந்துச்சு.

இப்ப கவினுக்கு மெக்கானிக்கா இருக்காரு. வண்டியில மண்ணக் கழுவுறது, செயின் மாட்டுறது. இந்த வண்டிக்கு செல்ப்பும் கெடையாது, கிக்கரும் கெடையாதுல்ல, தள்ளித்தான் ஸ்டார்ட் பண்ணணும். அவன் ஏறி உக்காந்ததும் இவரு பின்னாடி ஓடித் தள்ளுவாரு. கெளம்பிருச்சுன்னா கைய எடுத்துட்டு ஓரமா வந்துருவாரு. அந்த வேல குடுத்ததும் மேனேஜர் சார்தான். வண்டி பக்கத்துலயே இருக்கலாம்ல, அதனால சரின்னுட்டாரு.

எழுதிட்டீங்களா? போதுமா சார்?

என்ன சொன்னீங்க? இல்ல, திருப்பிச் சொல்லுங்க.

கவின் அசல் மதுர மண்ணுல வெளஞ்சவன்னு எழுதுறீங்களா? பிரேக் இல்லாத பால் வண்டியில படிச்சவன், இவன மாதிரிப் பசங்களுக்குத்தான் இந்த ரூலே போட்டோம்னு. ஓ. பேப்பருக்குக்கூட குடுக்கலாம்னு சொல்றீங்க. நல்லாருக்கும். படிக்கிறவங்களுக்கும் நல்லாருக்கும்.

கையெழுத்து இங்கயா? அண்ணிங்கிற முறையிலயா.

இருங்க சார், பேனாவ வச்சுக்கங்க. எங்க வீட்டுக்காரரு காலைல போகும்போது ஒண்ணே ஒண்ணுதான் சொல்லிட்டுப் போனாரு. வருவாங்க, கேப்பாங்க, ஆமான்னு ஒத்த வார்த்த சொல்லு, வேற எதையும் பேசாதன்னு. அவருக்கு என்னயப் பத்தித் தெரியும். ஆமான்னு மட்டும் சொல்லலாம்னுதான் நானும் இருந்தேன். நீங்க எப்படி ஓட்டப் படிச்சான்னு கேட்டீங்க பாருங்க. இந்த வீட்டுக்கு வந்து இதுவரைக்கும் அத யாரும் கேட்டதில்ல சார். அதான் பேசிக்கிட்டே இருந்துட்டேன்.

அந்தப் போட்டோவுல இருக்குற பையன் கோயமுத்தூரு. கொழுந்தனும் இல்ல, ஒண்ணும் இல்ல. இந்த வீட்டுல ஒரு வாய்த் தண்ணி குடிச்சதில்ல. அவன் எப்படி ஓட்டப் படிச்சான்னு எனக்கு எப்படித் தெரியும்? எனக்குத் தெரிஞ்ச ரேஸ்காரரு ஒருத்தருதான், அவரத்தான் சொன்னேன். பால் வண்டி, கண்மாய், செருப்பு, அம்புட்டும் அவருது. இந்த வீட்டு அட்ரஸ அவனுக்குக் குடுத்ததும் அவருதான். அதுக்குப் பதிலாத்தான் அந்தத் தள்ளுற வேல.

தெரியும் சார். நாளைக்கு அந்த வேலயும் இருக்காது. அந்த எடமும் இவருக்குத் திரும்ப வராது, நம்பரு எறங்காதுல்ல. நானும் கணக்குப் பாத்துட்டுத்தான் சொல்றேன். எடத்த யாருக்கு வேணும்னாலும் குடுத்துக்கங்க. அந்தப் பால் வண்டிய மட்டும் அவன் பேருக்கு எழுதாதீங்க.

அவரு வந்தா நானே சொல்லிக்கிறேன். திட்டமாட்டாரு. சோறு தின்னுட்டுப் படுப்பாரு.

இந்த வீட்டுல யாரு யாரு இருக்கோமா? நானு, எம் மக, முத்திருளன். மூணு பேருதான் சார். எழுதிக்கங்க.