இருபத்துநான்கு நாழிகை

எழுதிப் பழக்கமில்லாத ஒருவன் எழுதத் துணிந்ததை வாசகப் பெருமக்கள் பொறுத்தருள வேண்டும். இதுவரை நான் எழுதியவை பரிசோதனை அறிக்கைகள் மட்டுமே. அவற்றில் ஒன்றைப் பற்றியதே இதுவும்.

அடியேன் பெயர் சிவசுப்பிரமணியன். உடையார்பாளையத்துக்காரன், கடற்படையின் பொறியியல் ஆராய்ச்சிப் பிரிவில் அதிகாரி. 1942இல் ஜப்பானியர் ஜாவாவைப் பிடித்ததும், மாலுமிகளின் மிதவை அங்கிக்குள் அடைக்கும் இலவம்பஞ்சு வருவது நின்றுபோயிற்று. பெரம்பலூர்த் தரிசுகளில் கேட்பாரற்றுக் காற்றில் பறக்கும் எருக்கம்பஞ்சை அடைக்கலாம் என்று யோசனை சொன்னவன் நான். மேலதிகாரிகள் மகிழ்ந்தார்கள். அங்கி இருபத்துநான்கு மணி நேரம் மிதந்துவிட்டால் எனக்குக் கமாண்டர் பதவி நிச்சயம் என்றார்கள்.

விடுப்பில் ஊருக்கு வந்து, எங்கள் பண்ணையாள் பூமாலையிடம் அங்கியைக் கொடுத்தேன். தண்ணீருக்குள் ஓர் ஆள் கனக்கும் அளவுக்குக் கல்லைக் கட்டி ஏரியில் விட்டு, மூழ்கும்வரை பார்த்திருப்பது அவன் பொறுப்பு. எனக்கு அரியலூரில் ஒரு கலியாணம் இருந்தது. விஞ்ஞானமும் விருந்தும் ஒரே நாளில் வந்தால் மனிதன் என்ன செய்வான்?

மறுநாள் காலை பூமாலை வந்தான்.

"இருபத்துநாலு நாழிங்க, எசமான். வெடியக்காலையில கட்டி வுட்டேன். பொழுது சாயறதுக்கு முன்னயே முழுவிடுச்சு."

"சரி, இருபத்துநாலு மணின்னு எழுதிக்கிறேன்."

"அது எப்படிங்க? ரெண்டரை நாழி சேந்தாத்தான ஒரு மணி. கப்பல் படிப்புல அத மாத்திட்டாங்களா?" என்று சிரித்தான். பிறகு சிரிப்பை நிறுத்திக் கேட்டான். "எந் தம்பி கருப்பண்ணன நீங்கதான கப்பல்ல சேத்துவுட்டீங்க. அவனுக்கும் இதத்தான் மாட்டுவாங்களா?"

"அவனுக்கு நல்லதாப் பாத்துத் தருவாங்க."

அவன் நிற்கும்போதே 'இருபத்துநான்கு மணி நேரம்' என்று எழுதிக் கையொப்பமிட்டேன். அவனுக்கு வாசிக்கத் தெரியாது.

மறு வருடம் அக்டோபரில், ஒரு விடியற்காலையில், வங்கக் கடலில் ரோந்துப் படகு ஒன்று கண்ணிவெடியில் உடைந்தது. அங்கியுடன் குதித்தவர்கள் பதினெட்டுப் பேர். மீட்புக் கப்பல் வேறொரு வேலையை முடித்துக்கொண்டு சாவகாசமாகப் பன்னிரண்டு மணி நேரம் கழித்து வந்தது. அங்கி ஒரு முழுநாள் தாங்கும் என்று என் அறிக்கை உறுதி கூறியிருக்கையில், அவர்கள் பதற வேண்டிய அவசியம் என்ன? பலகையைப் பற்றியிருந்த இருவர் மட்டும் பிழைத்தார்கள். அங்கிகளைக் குறை சொல்ல இயலாது. அவை ஏரியில் மிதந்த அளவுக்குக் கடலிலும் மிதந்தன.

விசாரணையில் என்னை மிகுந்த மரியாதையோடு நடத்தினார்கள். நாழிகைக்கும் மணிக்கும் வேறுபாடு அறியாத பாமரன் ஒருவன் தவறான அளவைச் சொல்லிவிட்டான் என்று விளக்கினேன். அவன் பெயரையும் எழுத்துப் பிழையின்றி எழுதிக் கொடுத்தேன்.

ஊரில் பூமாலை ஒன்றே ஒன்று கேட்டான்.

"தம்பி எத்தன நாழி மெதந்துச்சுங்க?"

"இருபத்துநாலு இருக்கும்."

"அப்ப நாஞ் சொன்னது சரிதான்" என்று சொல்லிவிட்டுப் போனான்.

இழப்பு விவரம் வருமாறு: படகு ஒன்று. மிதவை அங்கிகள் பதினெட்டு. மாலுமிகள், கருப்பண்ணன் உட்படப் பதினாறு பேர். என் கமாண்டர் பதவி, ஏழு மாதத் தாமதம்.