ஜான்சன் கையில் பெல்

மூன்றாம் வகுப்பைத் தாண்டாமலே சொந்தக் கடை போட்டவன் நான். பெங்களூரு ரயிலில் ஜன்னல் சீட்டுப் பிடிக்கவா தெரியாது? எதிரே வேலைக்குப் போகும் ஒரு பெண்ணும், பிரகாஷ் என்கிற இளைஞனும் உட்கார்ந்திருந்தார்கள்.

"ஜான்சனை ஆட்டத்துல இருந்து எடுத்துர்லாம்க்கா," என்றான் அவன்.

"ஞாயித்துக்கிழமை போர்டு கேம்ல இருந்தா? ஏன்டா?"

"அவன் டர்ன் வரும்போது ஃபேனைப் பாத்துக்கினு கீறான். கவனம் நிக்காத பிரச்சினைன்னு டாக்டரே சொல்லிக்கீறாரு. நாம இன்னா பண்றது?"

"போன வாரம் நீ வரல. சைக்கிள் பெல்லைக் கழட்டி அவன் கையில குடுத்தேன். எங்கப்பா சுரங்கத்துல வேலை செஞ்ச காலத்துல, பெல் அடிக்காம ஆளை ஏத்திக்கினு கேஜ் லிஃப்ட்டு உள்ள இறங்குமா? அந்த மாதிரி, ஜான்சன் பெல் அடிச்சாதான் யாரும் காயை நகத்தணும்னு சொல்லிட்டேன்."

"அடிச்சானா?"

"போர்டை விட்டுக் கண்ணை எடுக்கலடா. போனை நோண்டினவன் காதுகிட்ட போய் அடிச்சான்."

"அப்போ இருந்துட்டுப் போவட்டும்க்கா."

"நீ இன்னா பெருசா விட்டுக் குடுக்கறது? 'ஆட்டத்துக்கே வராத பிரகாஷுக்கு எப்படிக்கா பெல் அடிக்கிறது, அவனை எடுத்துர்லாமா'ன்னு ஜான்சன் கேக்கறான்."

பிரகாஷ் உடனே போனை எடுத்தான்.

"ஜான்சா, இந்த ஞாயித்துக்கிழமை நான்தான்டா முதல்ல வருவேன்."